அறிவியல் கேள்வி பதில்: பாரம் எங்கே இருக்கிறது?

கேள்வி: நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகத் தம்புள்ளைச் சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்கிறேன். கரட்டும் பீட்ரூட்டும் 3 தொன் ஏற்றினால் லொறி முடக்குகளில் அமைதியாகத் திரும்புகிறது. லீக்ஸும் கோவாவும் அதே 3 தொன் ஏற்றினால் ஆட்டம் காண்கிறது. தராசில் இரண்டும் ஒன்றுதானே, ஐயா?
(லொறிச் சாரதி, நுவரெலியா)

பதில்: தராசு எடையைச் சொல்லும். அந்த எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லாது. உங்கள் லொறியை ஆட்டுவது அந்த உயரம்தான்.

ஒரு பொருளின் ஒவ்வொரு துணுக்கையும் பூமி தனித்தனியே இழுக்கிறது. அந்த இழுப்புகள் அனைத்தும் ஒரே புள்ளியில் செயற்படுவதாக வைத்துக் கணக்குப் பார்க்கலாம். அந்தப் புள்ளியைத்தான் புவியீர்ப்பு மையம் என்கிறோம். அதிலிருந்து மேசனின் குண்டுநூல் ஒன்று நேர்கீழே தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குண்டு நான்கு டயர்களுக்கு உட்பட்ட தரையைத் தொடும்வரை லொறி நிற்கும். டயருக்கு வெளியே போன கணத்தில் கவிழத் தொடங்கும். மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு சிறிய சாய்விலேயே குண்டு வெளியே போய்விடும்.

கணக்காகவே பார்த்துவிடுவோம். வெறும் லொறி 3 தொன், அதன் மையம் தரையிலிருந்து 80 சென்ரிமீற்றர், இடது வலது டயர்களுக்கு இடையே 1.6 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இந்த லொறி 45 பாகை பக்கவாட்டில் சாயும்வரை தாங்கும். தரையிலிருந்து 1 மீற்றர் உயரத்திலுள்ள தட்டில் 3 தொன் கரட்டை 1.2 மீற்றர் உயரத்துக்கு அடுக்கினால், லொறிக்கும் பாரத்துக்கும் சேர்த்த மையம் 1.2 மீற்றருக்கு ஏறுகிறது. தாங்கும் சாய்வு 34 பாகையாகக் குறைகிறது. லீக்ஸ் இலையும் தண்டுமாக இடத்தை அடைப்பது. அதே 3 தொன் 2.4 மீற்றர் உயரத்துக்கு எழும்பினால் மையம் 1.5 மீற்றருக்குப் போய்விடும். தாங்கும் சாய்வு 28 பாகைதான்.

தெரு அவ்வளவு சாய்வாக இல்லையே என்று கேட்பீர்கள். முடக்கில் திரும்பும்போது பாரம் வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. அது தெருவே சாய்ந்ததற்குச் சமம். 15 மீற்றர் ஆரையுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவில் வெறும் லொறிக்கு எல்லை மணிக்கு ஏறத்தாழ 44 கிலோமீற்றர், கரட் லொறிக்கு 36, லீக்ஸ் லொறிக்கு 32. ஸ்பிரிங் அமுங்காமல், மூட்டை அசையாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. உண்மையில் வெளிப்பக்க ஸ்பிரிங் அமுங்கும், கயிறு இளகும், மூட்டைகள் ஒரு சாண் நகரும். ஆகவே 32க்கு வெகு முன்பே ஆபத்து வந்து நிற்கும். இலண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களை (அவற்றில் பழையன கொழும்பிலும் ஓடின, பெரியவர்களுக்கு நினைவிருக்கும்) மேல்தட்டில் மட்டும் ஆட்களின் எடைக்கு ஈடான மூட்டைகளை ஏற்றி, 28 பாகை சரித்துப் பார்ப்பார்கள். அந்தச் சாய்விலும் கவிழாத பஸ்தான் தெருவுக்கு வரும். இயந்திரமும் அடிச்சட்டமும் பாரமாகக் கீழே இருப்பதால் அது தாங்குகிறது. மேல்தட்டு நிறைந்த பஸ் பாதுகாப்பாகத் தாண்டியாக வேண்டிய அந்தச் சாய்வில் உங்கள் லீக்ஸ் லொறி கவிழும் நிலைக்கு வந்துவிடுகிறது.

என் தகப்பனார் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஒன்றில் கிளீனராக இருந்தவர். தேயிலை மரப்பெட்டிகளில் போன காலம் அது. டஸ்ட் பெட்டிகள் பாரம் கூடியவை, பெரிய இலைத் தேயிலைப் பெட்டிகள் பாரம் குறைந்தவை. டஸ்ட்டைக் கீழே அடுக்காமல் அவர் லொறியை வாசல் தாண்ட விடமாட்டார். நீங்களும் கலந்து ஏற்றுங்கள். கரட், பீட்ரூட், உருளைக்கிழங்கு அடியில். லீக்ஸும் கோவாவும் அவற்றுக்கு மேல். லீக்ஸ் மட்டும்தான் கிடைத்தது என்றால் உயரத்தைக் குறைத்து இரண்டு தடவையாகக் கொண்டுபோங்கள். எரிபொருள் செலவு எனக்கும் தெரியும். ஆனாலும் வேறு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீர் பவுசர் ஓட்டும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. தடுப்புத் தகடுகள் இல்லாத தாங்கி பாதி நிரம்பியிருக்கும்போது, முடக்கில் தண்ணீர் முழுவதும் வெளிப்பக்கம் ஓடும். மையமும் கூடவே ஓடும். பாதிப் பாரம்தானே என்று வேகம் கூட்டாதீர்கள்.


கேள்வி: கூடை முதுகில் ஏறியதும் உடம்பு தானாக முன்னே குனிகிறது. நிமிர்ந்தால் பின்னே சாய்க்கிறது. நாள் முழுக்க அப்படியே நின்று இடுப்பு நோகிறது. கூடைக் கயிற்றைத் தளர்த்திப் போடுவது நல்லதா, இழுத்துக் கட்டுவது நல்லதா?
(கொழுந்து பறிக்கும் தொழிலாளி, தலவாக்கலை)

பதில்: இழுத்துக் கட்டுங்கள் அம்மா. கூடை முதுகோடு ஒட்டியிருக்கட்டும். காரணத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் மற்றவர்களுக்கும் நீங்கள் விளக்க வேண்டும்.

நேராக நிற்கும் ஒருவரின் புவியீர்ப்பு மையம் அடிவயிற்றின் உயரத்தில், உடம்புக்குள் இருக்கிறது. அதன் குண்டுநூல் கணுக்காலுக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் முன்னால் விழும். குதிகால் கணுக்காலுக்குப் பின்னே இன்னொரு 5 சென்ரிமீற்றர்தான் நீள்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் முதுகில் 15 கிலோ ஏறுகிறது, கூடையின் நடுப்பகுதி உடம்பின் நடுக்கோட்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் பின்னே தொங்குகிறது என்றால், சேர்ந்த மையம் 9 சென்ரிமீற்றர் பின்னுக்குப் போகிறது. குண்டு குதிகாலின் விளிம்புக்கே வந்துவிட்டது. ஒரு தேயிலைக் கிளை கூடையைப் பிடித்து இழுத்தாலும் மல்லாக்க விழ வேண்டியதுதான். இது தெரிந்துதான் உங்கள் உடம்பு உங்களைக் கேட்காமலே குனிகிறது. அதே கூடையைச் சுருக்கிக் கட்டி 20 சென்ரிமீற்றருக்குள் கொண்டுவந்தால் மையம் ஐந்துக்கும் குறைவான சென்ரிமீற்றரே நகரும். குனிய வேண்டிய அளவும் ஏறத்தாழ பாதியாகும். இடுப்புத் தசைகள் நாள் முழுக்கப் பிடித்து நிறுத்த வேண்டிய பாரம் அந்தளவுக்குக் குறையும்.

கூடை சற்று உயரமாக, தோளோடு ஒட்டி இருந்தால் இன்னும் குறைவாகக் குனிந்தால் போதும். ஆனால் மழை நாளில் வழுக்கும் படிக்கட்டில் இறங்கும்போது உயரமான பாரம் ஆட்டும். அப்போது ஒரு பிடி இறக்கிக் கட்டிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டாகத் திருப்பி, ஒவ்வொரு படியாக இறங்குங்கள். நிரையில் நிற்கும்போது பள்ளத்துப் பக்கக் காலை அகட்டி வையுங்கள். குண்டு விழுவதற்கு இடம் கூடுகிறது. நிறுவைக்குப் போகும்வரை கூடையை முட்ட முட்ட நிரப்பிச் சுமப்பதைவிட, முடிந்தால் இடையில் ஒரு தடவை சாக்கில் கொட்டிவையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். கர்ப்பிணிப் பெண்களுக்கு முன்னே வயிறும் பின்னே கூடையும் சமன்தானே என்று பேசுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். மையம் காலுக்கு மேலே வந்து நிற்பது உண்மைதான். ஆனால் முன் பாரம், பின் பாரம் இரண்டும் கூட்டாக இறங்குவது ஒரே முள்ளந்தண்டில். கர்ப்ப காலத்தில் மையம் முன்னே நகர்வதை ஈடுசெய்யவே பெண்ணின் இடுப்பு பின்னுக்கு வளைகிறது. அதற்கென்றே பெண்களின் கீழ்முதுகில் மூன்று முள்ளெலும்புகள் ஆப்பு வடிவில் அமைந்திருக்கின்றன, ஆண்களில் இரண்டே என்று 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குழந்தையின் பாரத்துக்காக அமைந்த ஏற்பாடு அது. அதன் மேல் கொழுந்தை ஏற்றச் சொல்வது தவறு. எந்த மலையில் யார் சொன்னாலும் தவறு.


கேள்வி: என் நான்கு வயது மகன் அலுமாரியின் லாச்சிகளை ஒவ்வொன்றாக இழுத்து, படிபோல ஏறினான். அலுமாரி அப்படியே முன்னால் சாய்ந்தது. எதிரே கட்டில் இருந்ததால் பிள்ளை தப்பினான். 50 கிலோ அலுமாரியை 15 கிலோப் பிள்ளை எப்படிச் சாய்க்க முடியும்?
(ஒரு தாய், மஸ்கெலியா)

பதில்: பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தங்கச்சி, இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்தவுடன் அந்த அலுமாரியைச் சுவரோடு பொருத்த ஏற்பாடு செய்யுங்கள். விளக்கத்தைப் பிறகு படிக்கலாம்.

அலுமாரியின் ஆழம் 40 சென்ரிமீற்றர் என்றால், மூடியிருக்கும்போது குண்டு முன் விளிம்பிலிருந்து 20 சென்ரிமீற்றர் உள்ளே விழும். துணி நிறைந்த, தலா 6 கிலோ எடையுள்ள மூன்று லாச்சிகளை 30 சென்ரிமீற்றர் வெளியே இழுத்ததும் மையம் கிட்டத்தட்ட 11 சென்ரிமீற்றர் முன்னே வந்துவிடுகிறது. மீதி ஒன்பதுதான். மகன் லாச்சி விளிம்பில் கால் வைத்துத் தொங்கும்போது அவன் பாரம் முன்காலுக்கு 35 சென்ரிமீற்றர் வெளியே இறங்குகிறது. 50 கிலோவை 9 ஆல் பெருக்கினால் 450, 15ஐ 35 ஆல் பெருக்கினால் 525. பிள்ளையின் பக்கம் வென்றுவிட்டது. லயன் அறைகளில் சீமெந்துத் தரையைத் தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் சற்றுச் சரித்தே போட்டிருப்பார்கள். அலுமாரியின் முகமும் வாசலைப் பார்த்திருந்தால் அந்த 450 இன்னும் குறையும்.

கோண வடிவ இரும்புத் தகடு இரண்டு வாங்கி, அலுமாரியின் மேற்புறத்தைச் சுவரோடு திருகாணியால் பூட்டுங்கள். பழைய லயத்தின் சுவர் உதிர்கிறது என்றால் கதவு நிலைமரத்திலோ கூரை தாங்கும் மரத்திலோ கம்பியால் கட்டலாம். முன்கால்களின் அடியில் மெல்லிய பலகைத் துண்டு செருகி, முழு அலுமாரியையும் சுவர்ப்பக்கம் சாயவிடுங்கள். பாரமானவை அடி லாச்சியில் இருக்கட்டும். மேலே தொலைக்காட்சி வைத்திருந்தால் இன்றே இறக்கிவிடுங்கள்.


கேள்வி: முச்சக்கர வண்டி ஏற்றத்தில் திரும்பும்போது பயமில்லை. அதே முடக்கில் இறங்கி வரும்போது உள்சக்கரம் தூக்குவது போல் இருக்கிறது. வண்டி அதே வண்டிதானே?
(சாரதி, பண்டாரவளை)

பதில்: உங்கள் வண்டி தரையில் போடும் வடிவம் முக்கோணம். முன்னே ஒரு சக்கரம், பின்னே இரண்டு. குண்டு விழும் இடம் பின்னே இருந்தால் அகலம் அதிகம். முன்னே வர வர ஒடுங்கிக்கொண்டே போகும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் இடையே 2 மீற்றர், பின் சக்கரங்களுக்கு இடையே 1.15 மீற்றர் என்று கொள்ளுங்கள். மையம் சரி நடுவில் இருந்தால் அங்கே அகலம் 57 சென்ரிமீற்றர். இறக்கத்தில் குண்டு முன்னே நகர்கிறது. முடக்குக்குள் பிரேக்கை மிதித்தால் இன்னும் முன்னே தள்ளப்படுகிறது. இரண்டும் சேர்ந்தால் அகலம் 40 சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிடும், அதாவது நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒரு சாண்கூடத் தேறாது. ஏற்றத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு; குண்டு பின்னே, அகலமான இடத்துக்குப் போகிறது.

ஆகவே பிரேக்கை முடக்குக்கு முன்பே மிதித்து முடித்துவிடுங்கள். உங்கள் இருக்கையின் ஓரத்தில் இன்னொருவரை ஏற்றவே வேண்டாம். அவர் முன்னேயும் இருக்கிறார், பக்கத்திலும் இருக்கிறார். மூட்டை இருந்தால் பின் ஆசனத்துக்குப் பின்னே, தாழ்வாக. கூரையில் எதுவும் வேண்டாம்.


கேள்வி: பைசா கோபுரம் நூற்றாண்டுகளாகச் சாய்ந்தே நிற்கிறது. எங்கள் லயத்துக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் கல்மதிலும் அதே அளவுக்குத்தான் சாய்ந்திருக்கிறது. அது நிற்கும் என்று நம்பலாமா?
(வாசகர், பொகவந்தலாவை)

பதில்: நம்பாதீர்கள். இந்த இரண்டையும் ஒப்பிடுவதே ஆபத்து.

இத்தாலியின் பைசா கோபுரத்தை 1173இல் கட்டத் தொடங்கினார்கள். மூன்றாம் மாடியை எட்டும்போதே தெற்குப் பக்க மண் அமுங்கத் தொடங்கிவிட்டது. கோபுரம் 14,500 தொன் எடை, 56 மீற்றர் உயரம். அதன் மையம் அடித்தளத்திலிருந்து ஏறத்தாழ 22 மீற்றருக்கு மேலே இருக்கிறது. 1990இல் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டபோது சாய்வு 5.5 பாகை. அப்போதும் அதன் குண்டு நடுவிலிருந்து இரண்டு மீற்றர் சொச்சம்தான் விலகியிருந்தது. அடித்தளமோ ஏறத்தாழ 20 மீற்றர் குறுக்களவு. எனவே கவிழும் எல்லைக்கு அது வெகு தூரத்தில் இருந்தது. பொறியியலாளர்கள் அஞ்சியது தெற்கு விளிம்பின் மண்ணையும் அங்கே நசுங்கிக்கொண்டிருந்த கல்லையும்தான். வடக்குப் பக்கம் ஈயக் கட்டிகளை அடுக்கினார்கள். பிறகு அந்தப் பக்க அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்து, உச்சியை 40 சென்ரிமீற்றருக்கு மேல் பின்னுக்குக் கொண்டுவந்தார்கள். 2001இல் கோபுரம் மீண்டும் திறக்கப்பட்டது.

உங்கள் மதில் 2 மீற்றர் உயரம், 30 சென்ரிமீற்றர் தடிப்பு என்று வையுங்கள். அதே 5.5 பாகையில் குண்டு கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் விலகும். இருக்கிற இடமே 15 சென்ரிமீற்றர்தான். கோபுரத்தைப் பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை. உங்கள் மதிலை ஒரு மலைச்சரிவின் மண் தள்ளிக்கொண்டிருக்கிறது. மழையில் அந்த மண் தண்ணீரைக் குடித்துப் பாரமாகும், தண்ணீரே தனியாகவும் தள்ளும். மீதி ஐந்து சென்ரிமீற்றர் ஓர் அடைமழை இரவுக்குப் போதாது.

மதிலில் நீர் வடிவதற்கு விட்ட துளைகள் அடைபட்டிருக்கிறதா என்று பகலில், மழை இல்லாதபோது பாருங்கள். மதிலின் அடியில் கான் வெட்டவோ மண் எடுக்கவோ கூடாது. மேலே நிலத்தில் வெடிப்பு, புதிதாக ஊற்று, சாயும் மரம் எதைக் கண்டாலும் கிராம அலுவலர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மழை வலுத்தால் மதிலை ஒட்டிய அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்காதீர்கள்.


கேள்வி: பதுளை ரயிலில் எல்லோரும் ஒரே பக்கக் கதவில் தொங்குகிறார்கள். பெட்டி சாய்ந்துவிடாதா?
(பயணி, அப்புத்தளை)

பதில்: பெட்டி சாயாது. நம் தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீற்றர், உலகின் அகலப் பாதைகளில் ஒன்று. மலையகப் பாதையில் 100 மீற்றர் ஆரை அளவுக்கு இறுக்கமான வளைவுகளும் உண்டு. அங்கெல்லாம் வெளித்தண்டவாளத்தை உயர்த்தியே போட்டிருக்கிறார்கள். பல்லாயிரம் கிலோ எடையுள்ள பெட்டிக்கு வாசலில் நிற்கும் சிலர் ஒரு பொருட்டில்லை.

சாயப்போகிறவர் தொங்குகிறவர்தான். கால் படியில், உடம்பு வெளியே என்னும்போது அவருடைய குண்டு படிக்கு வெளியே விழுகிறது. அவரைத் தாங்குவது இரண்டு கைகளின் பிடி மட்டும். பெட்டி வளைவில் வெட்டி இழுக்கும்போதும், சுரங்கத்தின் கல் முகத்துக்கு நேரே வரும்போதும், படம் எடுக்க ஒரு கையை விடும்போதும் அந்தப் பிடி பாதியாகிறது. வெளிநாட்டுப் பயணிகளைப் பார்த்து நம் பிள்ளைகளும் செய்கிறார்கள். அருகில் இருப்பவர் தயங்காமல் உள்ளே கூப்பிட வேண்டும்.


கேள்வி: வளையத்தின் புவியீர்ப்பு மையம் அதன் நடுவில் என்று பாடநூலில் இருக்கிறது. அங்கே ஒன்றுமே இல்லையே, ஐயா? வீட்டிலேயே மையத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
(தரம் 10 மாணவி, ஹட்டன்)

பதில்: ஒன்றும் இல்லாத இடத்திலும் மையம் இருக்கலாம், மகள். அது பொருளின் ஒரு துண்டு இல்லை, கணக்கில் வரும் ஓர் இடம். உயரம் பாய்பவர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டிக் ஃபொஸ்பரி முதுகைத் திருப்பி, உடம்பை வில்லாக வளைத்து, 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். அப்படி வளையும்போது உடம்பின் மையம் உடம்புக்கு வெளியே, முதுகின் கீழே வந்துவிடும். ஆள் கம்பிக்கு மேலாகப் போக, மையம் கம்பிக்குக் கீழாகவே போக முடியும்.

வீட்டில் செய்ய இதோ. தடித்த அட்டையில் இலங்கை வரைபடத்தை ஒட்டி, கரையோரமாக வெட்டி எடு. விளிம்பில் ஓரிடத்தில் துளையிட்டு ஆணியில் தொங்கவிடு. அட்டை தாராளமாக ஆட வேண்டும். அதே ஆணியில் சிறு கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டு, ஆட்டம் நின்றதும் நூல் போகும் வழியில் கோடு போடு. விளிம்பில் வேறு இரண்டு இடங்களில் துளையிட்டு இதையே செய். மூன்று கோடுகளும் வெட்டுமிடம்தான் மையம். அது எந்த ஊருக்கு அருகில் வருகிறது என்று எனக்கு எழுது. அனுப்பும் முன் அந்தப் புள்ளியைப் பென்சிலின் மொட்டை முனையில் வைத்துப் பார். அட்டை கிடையாக நிற்காவிட்டால் ஆணித் துளை இறுக்கமாக இருந்திருக்கும். துளையைப் பெரிதாக்கி மறுபடி தொங்கவிடு.